'செவ்வியல்' என்ற சொல்லுக்கு வெளியே: வணிகத் துறைக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சேவை வர்த்தகப் பேச்சுவார்த்தை நடத்தும் அலுவலர்கள், ஒன்றிய வணிகத் துறை, வாணிஜ்ய பவன், புது தில்லி.

பார்வைக்கு: ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம், யுனெஸ்கோ ஒத்துழைப்புக்கான இந்தியத் தேசிய ஆணையம், தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை.

வணக்கம்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1,800 இந்தியர்கள் அங்கே போய் ஒப்பந்த அடிப்படையில் தொழில் செய்ய இடம் வாங்கி வந்திருக்கிறீர்கள். யோகா பயிற்றுநர், சமையல் வல்லுநர், செவ்வியல் இசைக் கலைஞர் என்று மூன்று வகை. வாங்கி வந்ததைக் குறை சொல்ல வரவில்லை. 2022இல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்திலும் இதே 1,800தான். அதில் சமையல்காரருக்கும் யோகா ஆசிரியருக்கும் மட்டுமே இடம். மூன்றாண்டில் இசைக் கலைஞர் உள்ளே வந்தது முன்னேற்றம்தான். எங்கள் கேள்வி எல்லாம் 'இசை'க்கு முன்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சொல்லைப் பற்றியது.

வியாசர்பாடியில் சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடியக் கானா பாடுபவர் அந்தப் பட்டியலில் எந்த வரியில் வருவார்? புளியந்தோப்பில் சட்டி மேளம் அடிப்பவர்? கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை ஊதுபவர்? மூவரும் இசையால்தான் பிழைக்கிறார்கள். மூவருக்கும் அங்கே வரி இல்லை.

இசையில் எது செவ்வியல் என்று வரையறுத்த சட்டம் இந்தியாவில் கிடையாது. சங்கீத நாடக அகாதெமி எட்டு நடனங்களைச் செவ்வியல் என்று ஏற்றிருக்கிறது. இசையில் கர்நாடகமும் இந்துஸ்தானியும் செவ்வியல் என்பது வழக்கம். விசா அலுவலர் வழக்கத்தைக் கேட்டு முத்திரை குத்த மாட்டார், காகிதம் கேட்பார். கர்நாடக சங்கீதம் படித்தவரிடம் இசைக் கல்லூரிப் பட்டயம் இருக்கும், வானொலி நிலையத்தின் தரச் சான்று இருக்கும், சபா நிகழ்ச்சி நிரல் இருக்கும். பறை அடிப்பவரிடம் என்ன இருக்கும்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை. வானொலியின் நாட்டுப்புற இசைத் தேர்வில் தேறியிருந்தால் அந்தச் சான்று. இரண்டிலும் 'நாட்டுப்புறம்' என்றுதான் இருக்கும். தான் கலைஞர் என்று காட்ட அவர் நீட்டும் காகிதமே, அவர் செவ்வியல் கலைஞர் இல்லை என்பதற்கும் சாட்சி சொல்லிவிடும். கானா பாடகர் நிலை இன்னும் மோசம். நகரத்துச் சந்தில் பிறந்த பாட்டை 'நாட்டுப்புறம்' என்ற பெட்டியில் போடுவதா என்பதே தனிப் பஞ்சாயத்து.

இந்தச் சொல்லை முதலில் எழுதியது யாராக இருந்தாலும் கையெழுத்து நம்முடையது. செவ்வியலுக்கும் மற்றதற்கும் நடுவில் இழுத்த கோடு இந்த ஊரில் எந்தத் தெருவை எந்தச் சேரியிலிருந்து பிரிக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சபா வாசலோடு நின்றிருந்த கோடு இப்போது பன்னாட்டு ஒப்பந்தத்தில் ஏறியிருக்கிறது.

இதே இந்தியா இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காத்து வளர்ப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை, 2005 அக்டோபர் 20 அன்று பாரிசில் நிறைவேறியது. ஆதரவு 148, நடுநிலை 4, எதிர்ப்பு இரண்டே இரண்டு: அமெரிக்காவும் இஸ்ரேலும். இந்தியா 2006 டிசம்பரில் ஏற்புறுதி செய்தது. 2007 மார்ச் 18 முதல் அது நடப்பில் இருக்கிறது. பிரிட்டன் 2007இல் உள்ளே வந்தது. அன்று நடுநிலை வகித்த ஆஸ்திரேலியாவும் 2009இல் சேர்ந்துவிட்டது. அதன் 16ஆம் பிரிவு சொல்வது இது: வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கும் பண்பாட்டுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் முன்னுரிமைச் சலுகை தந்து பரிமாற்றத்தை எளிதாக்க வேண்டும். எந்தக் கலைஞர் என்று அங்கே வடிகட்டவில்லை.

அப்படியானால் பிரிட்டனிடம் பேசும்போது அந்த 16ஆம் பிரிவு ஏன் கைகொடுக்கவில்லை? அதற்கு அந்த உடன்படிக்கை உருவான விதத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளின் கனடியப் பதிப்புகள் உள்ளூர் விளம்பரத்தை அள்ளிப்போகாமல் இருக்க, அவற்றின் மீது கனடா 80 சதவீத வரி போட்டிருந்தது. 1997இல் உலக வர்த்தக அமைப்பில் அது தோற்றது. பத்திரிகையும் பாட்டும் படமும் வெறும் சரக்கு இல்லை என்று சொல்ல வர்த்தக மேடைக்கு வெளியே ஓர் ஆவணம் வேண்டும் என்ற எண்ணம் அந்த அடிக்குப் பிறகுதான் வலுத்தது. அரசுகளுக்கு இடையிலான பேச்சு 2004 செப்டம்பரில் தொடங்கி 2005 ஜூனில் முடிந்தது, மூன்று சுற்று, தலைமை தென்னாப்பிரிக்காவின் காதர் அஸ்மல். பெரிய இழுபறி ஒரே கேள்வியில்: இந்த உடன்படிக்கையும் வர்த்தக ஒப்பந்தமும் மோதினால் எது நிற்கும்? 2004 வரைவில் இரண்டு மாற்று வாசகங்கள் இருந்தன. பண்பாட்டுப் பன்மைக்குக் கடுமையான பாதிப்பு வரும் இடத்தில் மட்டும் பிற ஒப்பந்தங்கள் விலகி நிற்கும் என்றது ஒன்று. பிற ஒப்பந்தங்களை இது தொடவே தொடாது என்றது மற்றொன்று.

கடைசியில் 20ஆம் பிரிவில் இரண்டையும் ஒட்டவைத்தார்கள். முதல் பத்தி: இந்த உடன்படிக்கை வேறெந்த ஒப்பந்தத்துக்கும் கீழ்ப்பட்டதில்லை, மற்ற ஒப்பந்தங்களுக்குப் பொருள் கொள்ளும்போதும், புதிய கடமைகளை ஏற்கும்போதும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் பத்தி: இதில் உள்ள எதுவும் மற்ற ஒப்பந்தங்களின் உரிமை, கடமைகளை மாற்றுவதாகப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது. தகராறு வந்தால் 25ஆம் பிரிவு பேச்சு, நடுவர் உதவி, சமரசக் குழு என்று போகும். அந்தச் சமரசமே வேண்டாம் என்று ஒரு நாடு முன்கூட்டி அறிவித்துவிடலாம். அபராதமும் இல்லை, பதிலடி வரியும் இல்லை. உலக வர்த்தக அமைப்பில் தன் மீது வந்த புத்தகம், பட இறக்குமதி வழக்கில் சீனா இந்த உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டிப் பார்த்தது; 2009இல் வந்த தீர்ப்பின் போக்கை அது மாற்றவில்லை.

பல் இருக்கிற ஆவணம் வர்த்தக ஒப்பந்தம் ஒன்றுதான். அதனால் பன்மைக்கான வாசகம் அங்கேயே, எந்தச் சேவையை எந்த அளவு திறக்கிறோம் என்று நாடுகள் எழுதித் தரும் பட்டியலிலேயே ஏற வேண்டும். 'புதிய கடமைகளை ஏற்கும்போது கணக்கில் எடுக்க வேண்டும்' என்ற வரி யாருக்கு எழுதப்பட்டது என்றால், பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் உங்களுக்குத்தான்.

பட்டியல் வேலை செய்யும் விதத்தை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். இந்த மடலைப் படிக்கும் கலைஞர்களுக்காகச் சுருக்கமாக: சேவை வர்த்தகத்தில் நான்கு வழி. சேவை மட்டும் எல்லை தாண்டுவது, வாடிக்கையாளர் தேடி வருவது, நிறுவனம் போய்க் கடை திறப்பது, ஆள் போவது. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு வழிக்கும் நேராக ஒரு கட்டம். கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதினால் கட்டுப்பாடு எதுவுமில்லை, கதவு முழுசாகத் திறப்பு என்று பொருள். 'கட்டுப்படவில்லை' என்று எழுதினால் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று பொருள். முதல் முறை பார்ப்பவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். நாடகம், நேரடி இசைக்குழு, சர்க்கஸ் எல்லாம் 'கேளிக்கைச் சேவைகள்' என்ற தலைப்பில், ஐ.நா. வகைப்பாட்டின் 9619 என்ற எண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த எண்ணில் கானாவும் அடங்கும், கச்சேரியும் அடங்கும். 'செவ்வியல்' என்ற வடிகட்டி உலக வகைப்பாட்டில் இல்லாத ஒன்று. நாம் சேர்த்துக்கொண்டது.

இப்படிச் சேர்க்காமல் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 2008இல் கரீபியன் நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒப்பந்த அடிப்படையில் போகும் ஆட்களுக்கான துறைகளில் 'ஒலி-ஒளித் துறை நீங்கலான கேளிக்கைச் சேவைகள்' என்று பொதுவாக எழுதி வாங்கினார்கள். மற்றத் தொழில்களுக்குப் பட்டப்படிப்பு கேட்ட அதே பிரிவு, கேளிக்கைச் சேவைக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த ஸ்டீல் டிரம்மை அடிப்பவருக்குக் கல்லூரிப் பட்டயம் இருக்காது என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பண்பாட்டு ஒத்துழைப்புக்குத் தனி இணைப்பு நெறிமுறையும் அதில் உண்டு. யுனெஸ்கோ உடன்படிக்கையை அது நேரடியாகவே சுட்டுகிறது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லமாட்டோம். உள்நாட்டில் ஆள் இல்லையா என்று பார்க்கும் பொருளாதாரத் தேவைச் சோதனையைப் பல உறுப்பு நாடுகள் வைத்துக்கொண்டன, விசா நடைமுறையும் இளகவில்லை. ஆனாலும் வாசகம் கையில் இருப்பவர் அதைக் காட்டிச் சண்டை போடலாம். வாசகத்திலேயே இல்லாதவர் எதைக் காட்டுவார்?

பண்பாட்டு நிபந்தனை எழுதத் தெரியாத நாடு இல்லை இது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சில் திரைப்பட வினியோகத்துக்கு இந்தியா கொடுத்த வாக்குறுதியை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 100 தலைப்புகள்தான். வெளிநாட்டு நிறுவனம் கிளையாக இயங்கும் பிரதிநிதி அலுவலகம் மூலம் மட்டுமே வரலாம். படம் அறிவிக்கப்பட்ட பன்னாட்டு விழாவில் விருது வாங்கியிருக்க வேண்டும், அல்லது அதன் அதிகாரபூர்வப் பிரிவில் கலந்திருக்க வேண்டும், அல்லது பெயர்பெற்ற திரைப்பட இதழ்களில் நல்ல விமர்சனம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் படம் தரமானதுதானா என்று அன்று நாம் மற்றவரிடம் சான்று கேட்டோம். இன்று உங்கள் இசை உயர்ந்த வகைதானா என்று நம் ஆட்களிடம் சான்று கேட்கும் வரியை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

'கானா பாடகர் பிரிட்டன் போக இந்த இடஒதுக்கீடு எதற்கு? வேறு விசா இருக்கிறதே' என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அங்குள்ள அமைப்பு அழைத்தால் பார்வையாளர் விசாவிலேயே ஒரு மாதத்துக்குள் கட்டண நிகழ்ச்சி செய்யலாம். படைப்புத் தொழிலாளர் விசாவும் உண்டு. ஆனால் அவை பிரிட்டன் தன் உள்நாட்டு விதியால் தருபவை. நாளைக்கே சுருக்கலாம், நிறுத்தலாம், நம்மிடம் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தப் பட்டியலில் எழுதியதை அப்படிச் சுருக்க முடியாது. கர்நாடக இசைக்கு அந்த உறுதியைக் கேட்டு வாங்கத் தோன்றியவர்களுக்குப் பறைக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. 'ஒப்பந்த சேவை வழங்குநர்' என்ற வகையே நிறுவனத்தில் வேலை செய்பவரை மனதில் வைத்துப் பிறந்தது. இந்தியாவில் ஒரு நிறுவனம், அங்கே ஒரு வாடிக்கையாளர், நடுவில் எழுத்து ஒப்பந்தம், அதன்படி போகும் ஊழியர். கானா செட்டைப் பேசுவது போனில். அட்வான்ஸ் கையில், மீதி விடிந்ததும். பாடுபவர், டோலக், டேப் மேளம், கீபோர்டு என்று வருகிறவர்கள் யாரும் யாருக்கும் ஊழியர் இல்லை. இன்று இந்த செட்டில் அடிப்பவர் நாளை வேறு செட்டில் அடிப்பார். ஓராண்டுத் தொழில் அனுபவத்துக்குச் சான்று கேட்டால் துக்க வீட்டில் ஒட்டிய போஸ்டரைத்தான் காட்ட வேண்டும். சுயதொழில் கலைஞருக்கான 'தனித் தொழிலர்' வகையிலும் நிகழ்த்து கலையைச் சேர்த்தால்தான் இவர்களுக்குப் பயன்.

அடுத்தது தலைக்கணக்கு. யோகா ஆசிரியர் தனியாகப் போவார். 1,800இல் ஒன்று கழியும். கூத்து ஜமா போனால் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து கழியும். சமையல்காரரை அழைக்க நிரந்தர உணவகம் இருக்கிறது, நீண்ட ஒப்பந்தம் இருக்கிறது, காகித வேலைக்கு ஆள் இருக்கிறார். மூன்று வகையையும் ஒரே தொட்டியில் விட்டால் எது முதலில் நிரம்பும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கலைஞர்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும்; குழுவை ஒரே அலகாக எண்ண வேண்டும்.

கருவியையும் பாருங்கள். பறையின் சட்டம் மரம், முகம் கன்றுத் தோல். அடிப்பதற்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தித் தோலைக் காய்ச்சினால்தான் நாதம் ஏறும். குளிரிலும் ஈரத்திலும் தோல் மறுபடி தொய்ந்துவிடும், நிகழ்ச்சி நடுவிலும் காய்ச்ச வேண்டிவரும். வெளிநாட்டு அரங்கத்துக்குள் தீ மூட்டினால் முதலில் அலாரம்தான் அடிக்கும். அதனால் பலர் ஃபைபர் முகம் போட்ட பறையை எடுத்துப் போகிறார்கள். தொய்வு இல்லை, ஆனால் ஒலி வேறு. தோல் பறையே கொண்டுபோனால் ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் விமான நிலையத்தில் விலங்குப் பொருள் என்று அறிவித்துப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். கலைஞரோடு வரும் கருவிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதியும், தோல் கருவிக்கான பரிசோதனை முறையை முன்கூட்டி அறிவிக்கும் கடமையும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

இணையத்தைப் பற்றி அதிகம் நீட்டவில்லை, ஆனால் விட முடியாது. மேடையில் பாடினால் கானா 'கேளிக்கைச் சேவை'. பதிவு செய்தால் 'ஒலி-ஒளிச் சேவை'. செயலி வழியாக ஒலித்தால் அது கணினிச் சேவை என்று வாதாடத் தளங்கள் தயாராக இருக்கின்றன. 'ஒலிப்பதிவு வினியோகம்' என்று சீனா பழைய பட்டியலில் எழுதியது இணைய வினியோகத்தையும் சேர்த்துத்தான் குறிக்கும் என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2009இல் சொன்னது. இன்று எழுதும் பொதுச் சொல் நாளைய தொழில்நுட்பத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அது பாடம். அமெரிக்கா தன் ஒப்பந்தங்களில் 'டிஜிட்டல் பொருள்களிடையே பாகுபாடு கூடாது' என்ற பிரிவைக் கேட்கிறது. மெக்சிகோ, கனடாவோடான ஒப்பந்தத்தில் 19ஆம் அத்தியாயத்தில் அது இருக்கிறது, கனடா தனியாகப் பண்பாட்டு விலக்கு வாங்கிக்கொண்டது. விலக்கில்லாமல் நாம் அதை ஏற்றால், ஐரோப்பா தன் ஓடிடி தளங்களில் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்பு இருக்க வேண்டும் என்று வைத்திருப்பதுபோல் ஒரு விதியைத் தமிழுக்கோ சந்தாலிக்கோ பின்னால் கொண்டுவர நினைத்தாலும் வழி அடைபட்டிருக்கும். தென்கொரியா 2006இல் அமெரிக்கப் பேச்சுக்கு முன்கூலியாக திரையரங்குகள் ஆண்டுக்கு உள்ளூர்ப் படம் ஓட்ட வேண்டிய கட்டாய நாள்களை 146இலிருந்து 73 ஆக்கியது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பாதி போய்விட்டது.

இனி எங்கள் கோரிக்கைகள். பிரிட்டன் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் கூட்டுக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் அந்த வரியைத் திருத்துவதை வையுங்கள். நாங்கள் முன்வைக்கும் வாசகம்: 'நிகழ்த்து கலைஞர்கள், அவர்தம் கலை செவ்வியல், நாட்டார், சடங்கு, நகர்ப்புற மரபு என எவ்வகையாயினும், தனியராகவோ குழுவாகவோ.' தகுதிச் சான்றாகப் பட்டயத்தை மட்டும் கேட்காமல், நல வாரிய அட்டை, அழைப்பிதழ், மாநிலக் கலை பண்பாட்டுத் துறையின் கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஏற்கும்படி அடிக்குறிப்பு ஒன்றும் வேண்டும். திருத்த முடியாது என்று பிரிட்டன் சொன்னால், 16ஆம் பிரிவைச் சுட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடு நான்காண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பதில் அதில் ஏறட்டும். அடுத்து வரும் எந்த ஒப்பந்தத்திலும் இந்த வாசகமே தொடக்க வரைவாக இருக்கட்டும்.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில் 14ஆம் இனம். நாடகம், நிகழ்ச்சி, கேளிக்கை மாநிலப் பட்டியலில் 33ஆம் இனம். மாநிலத்தின் பொருளை ஒன்றியம் பட்டியலில் கட்டும்போது, கட்டத்தை நிரப்பும் முன் மாநிலக் கலை பண்பாட்டுத் துறையைக் கேட்க வேண்டும் என்பது சலுகை இல்லை, முறை. வரைவுப் பட்டியலின் பண்பாட்டுப் பகுதியைத் தமிழில் தாருங்கள். மொத்தமும் வேண்டாம், இரண்டு துறைகள், சில பக்கங்கள். உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு குடிமைச் சமூகத்தின் பங்கேற்பை ஊக்குவிக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் கையெழுத்துக்குப் பிறகு வெளியிடுவது பங்கேற்பு ஆகாது.

தேசிய ஆணையத்துக்குத் தனியாக ஒன்று. 18ஆம் பிரிவின்படி அமைந்த பன்னாட்டு நிதியிலிருந்து ஒரு திட்டத்துக்கு 1,00,000 டாலர் வரை கேட்கலாம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும், அதுவும் உங்கள் முன்தேர்வைத் தாண்டித்தான் பாரிசுக்குப் போகும். அறிவிப்பு வந்த வாரமே மாநிலத் துறைகளுக்குத் தெரிவித்து, தமிழில் எழுதிய கருத்துருவையும் முன்தேர்வுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்; தேறியதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். கானா செட்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் போடவும், ரசீது வைக்கவும், பதிவு உரிமையை விற்காமல் உரிமம் மட்டும் கொடுக்கவும் பழக்கும் பயிற்சிக்கு அந்தத் தொகை தாராளம். விசாவுக்குக் காட்ட வேண்டிய காகிதக் கோப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

வரைவு வாசகத்தையும், வடசென்னைக் குழுக்களின் அமைப்பு, கருவி, ஆள் கணக்கு குறித்த விவரத்தையும் மாநிலக் கலை பண்பாட்டுத் துறை வழியாக உங்களுக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வர்த்தக ஒப்பந்தங்களின் பண்பாட்டுப் பகுதிகளைப் படித்துவரும் வடசென்னைக்காரர்கள்,
வியாசர்பாடி, சென்னை 39.